இட்லிப் பானை, புட்டுக்குழல் இல்லாமல் இட்லியும் புட்டும் செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோவில் இட்லியை இன்றும் மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்துத்தான் வேக வைக்கிறார்கள். குழித்தட்டு இல்லாவிட்டாலும் இட்லி வேகும், ஆவிதான் முக்கியம்.

வீட்டில் மூடியுள்ள ஆழமான பாத்திரம் ஒன்று இருக்குமே, அது போதும். அடியில் இரண்டு விரற்கடை தண்ணீர் ஊற்றி, ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் ஒரு தட்டு வையுங்கள். உள்ளே எண்ணெய் தடவிய சில்வர் கிண்ணங்களிலோ டம்ளர்களிலோ முக்கால் அளவுக்கு மாவு ஊற்றித் தட்டில் அடுக்குங்கள். தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி வந்த பிறகுதான் உள்ளே வைக்க வேண்டும். கிண்ண இட்லிக்கு 10 முதல் 12 நிமிடம், டம்ளர் என்றால் ஆழம் அதிகம், 20 நிமிடம் வரை ஆகலாம். குச்சியால் குத்திப் பாருங்கள், மாவு ஒட்டக் கூடாது. குக்கரில் வைத்தால் வெயிட் போடாதீர்கள்.

பலரும் கவனிக்காத விஷயம் மூடி. மூடியில் சேரும் நீர் சொட்டினால் இட்லியின் மேல்பக்கம் கொழகொழவென்று ஆகிவிடும். மூடியின் உள்பக்கம் ஒரு துணியைக் கட்டுங்கள், முனைகளை மேலே தூக்கி முடிந்துவிட்டால் தீ பிடிக்கும் பயம் இல்லை. வெந்ததும் அவசரப்படாமல் இரண்டு மூன்று நிமிடம் ஆற விட்டு, நனைத்த ஸ்பூனால் எடுங்கள்.

எனக்குப் பிடித்தது துணி இட்லி. அகன்ற வாய்ப் பாத்திரத்தில் பாதி தண்ணீர் வைத்து, வாயில் மெல்லிய பருத்தித் துணியை நனைத்து இறுக்கிக் கட்டி, அதன் மேல் மாவு ஊற்றி, குழிவான மூடியால் மூடிவிட வேண்டும். வெந்த பின் தட்டில் கவிழ்த்து, துணியின் மேல் தண்ணீர் தெளித்தால் தானாகக் கழன்று வரும். அந்த மென்மை வேறு எதிலும் வராது.

புட்டுக்குத் தேங்காய்ச் சிரட்டை இருக்கிறதே! கண் உள்ள பாதியில் ஒரு கண்ணைத் துளைத்து, முதலில் தேங்காய்த் துருவல், பிறகு புட்டு மாவைத் தளர்வாக நிரப்பி, வெயிட் போடாத குக்கரின் ஆவி வரும் குழாய் மேல் வையுங்கள். அழுத்தி நிரப்பினால் ஆவி ஏறாது. மேலே ஆவி வந்த பிறகு மூன்று நான்கு நிமிடம் போதும். மாவின் பதம்தான் இதில் எல்லாம்: கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். சிரட்டை கிடைக்கவில்லையா, சரி, ஈரத் துணியில் மாவைப் பரப்பி இட்லி போலவே வேக வைக்கலாம்.

இடியாப்பத்துக்கு மட்டும் அச்சு வேண்டும், முறுக்கு அச்சு இருந்தால் ஓமப்பொடி வில்லை போட்டுப் பிழியுங்கள். அதுவும் இல்லையென்றால் அதே மாவில் வெல்லமும் தேங்காயும் சேர்த்துப் பிடி கொழுக்கட்டை செய்யுங்கள், அதற்குக் கை மட்டும் போதும்.