பதினான்கு இடங்களும் ஒரு நகரமும்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். டிசம்பர் கடைசி வாரத்தில் குடும்பத்துடன் ஜெய்ப்பூர் போகிறோம். நான், கணவர், 68 வயது மாமியார், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன். பயண ஏற்பாட்டாளர் இரண்டு நாட்களில் 14 இடங்கள், மூன்றாம் நாள் புஷ்கர் என்று ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார். ஆமேர் கோட்டையில் யானைச் சவாரியும் அதில் அடக்கம். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. மகனோ, "எல்லாம் ராஜாக்கள் கட்டிய கோட்டைதானே, அதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்கிறான். எதை விடலாம், எதை விடக்கூடாது?

எஸ்., திருச்சி

அன்புச் சகோதரிக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பிய பட்டியலை இரண்டு முறை படித்தேன். கோட்டைகள் இருக்கின்றன, அரண்மனைகள் இருக்கின்றன, கைவினைப் பொருள் விற்கும் கடைகள்கூட இரண்டு இருக்கின்றன. ஜெய்ப்பூர் மட்டும் இல்லை. ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும்போது கார் கண்ணாடிக்கு வெளியே ஓடி மறைகிறதே அந்த ஊர், அதுதான் அங்கே முதலில் பார்க்க வேண்டியது. 2019இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்ததும் தனியொரு கட்டடத்தை அல்ல, மதிலுக்குள் இருக்கும் நகரம் முழுவதையும்தான்.

நம் நாட்டுப் பழைய ஊர்களில் பெரும்பாலானவை தாமாக வளர்ந்தவை. ஜெய்ப்பூர் வரைந்து கட்டப்பட்டது. மலை மேல் இருந்த ஆமேரில் தண்ணீரும் இடமும் போதாமல் போனபோது, அரசர் சவாய் ஜெய்சிங் 1727இல் கீழே சமவெளியில் புதிய தலைநகருக்கு அடிக்கல் நாட்டினார். வங்காளத்தைச் சேர்ந்த வித்யாதர் பட்டாச்சார்யா திட்டத்தில் அவருக்குத் துணை நின்றார். மொத்தம் ஒன்பது சதுரங்கள். வடமேற்கு மூலையில் நாகர்கர் மலை குறுக்கிட்டதால் அந்தச் சதுரத்தைத் தூக்கித் தென்கிழக்கில் வைத்தார்கள். சூரஜ்போல் வாசலிலிருந்து சாந்த்போல் வாசல் வரை நேராக ஒரு பெருவீதி. அதைக் குறுக்கு வீதிகள் வெட்டும் இடங்களில் சௌபட் என்னும் நாற்சந்திச் சதுக்கங்கள். அந்தக் காலத்தில் அங்கே குளங்கள் இருந்தன. நிலத்தடிக் கால்வாய் வழியாக அவற்றுக்குத் தண்ணீர் வந்தது. மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டியபோது படீ சௌபட்டிலும் சோட்டீ சௌபட்டிலும் அந்தக் குளங்களின் படிக்கட்டுகள் வெளிப்பட்டன. இன்று அவ்விரண்டு சதுக்கங்களுக்கும் அடியிலேயே மெட்ரோ நிலையங்கள் இருக்கின்றன. மாமியாரை மதிலுக்குள் அழைத்துவர ஆட்டோவைவிட அது வசதி.

ஆகவே முதல் நாள் காலையை நடைக்கு ஒதுக்குங்கள். கடைகள் பத்து, பத்தரைக்குத்தான் திறக்கும். எட்டு மணிக்குப் போனால் வீதியின் முகப்பு தடையில்லாமல் தெரியும். எல்லாக் கட்டடங்களும் ஒரே நிறம், மேலே வெள்ளைக் கோடுகளில் பூவேலை. 1876இல் வேல்ஸ் இளவரசர் வருகைக்காக அரசர் ராம்சிங் அடிக்கச் சொன்ன வண்ணம் அது. ரோஜா நிறத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அது காவிமண்ணுக்கு நெருக்கமானது. ஹவா மஹால் கிழக்கு பார்த்த முகப்பு என்பதால் அதற்கும் காலைதான் உகந்த வேளை. அதன் 953 சிறு ஜன்னல்களைத் தெருவில் நின்று பார்ப்பதே முக்கியம். உள்ளே போக விரும்பினால் நுழைவாயில் பின்பக்கம் இருக்கிறது. மேல் தளங்களுக்குச் சரிவுப் பாதை உண்டு.

பிறகு சந்துகளுக்குள் போங்கள். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு தெரு என்று அன்று பிரித்துக் கொடுத்தது பல இடங்களில் இன்றும் மாறவில்லை. திரிபோலியா பஜாரை ஒட்டிய மணிஹாரோன் கா ராஸ்தாவில் அரக்கு வளையல் செய்கிறார்கள். கரி அடுப்பின் சூட்டில் இளகிய அரக்கை ஒரு மரப்பிடியில் திரட்டி, அதன்மேல் வண்ண அரக்கைப் பூசி, தட்டையான ஒரு கட்டையால் உருட்டி உருட்டி மெல்லிய குச்சியாக்குகிறார்கள். வேண்டிய நீளத்துக்கு நறுக்கி, சூடு ஆறுவதற்குள் வட்டமாக வளைத்து முனைகளைச் சேர்த்து, உருளைக் கட்டையில் ஏற்றி அளவு சரிபார்த்தால் வளையல் முடிந்தது. சில நிமிட வேலைதான். உங்கள் கைக்கு அளவு பார்த்து உங்கள் கண்ணெதிரிலேயே செய்து தருவார்கள். இந்த மணிஹார் குடும்பங்கள் முஸ்லிம்கள். ராஜஸ்தானத்து இந்துக் கல்யாணங்களுக்கு அரக்கு வளையல் போவது இவர்கள் கையிலிருந்துதான். பட்டியலில் உள்ள இரண்டு கடைகளையும் அடித்துவிட்டு அந்த நேரத்தை இங்கே செலவிடுங்கள். கஜானேவாலோன் கா ராஸ்தாவில் சலவைக்கல் சிற்பிகள் இருக்கிறார்கள். கல் மாவு படிந்து மனிதர்களும் வெள்ளையாக, முகம் முடியாத அனுமாரும் சரஸ்வதியும் வாசலில் வரிசையாக நிற்கும் தெரு அது.

அடுத்து ஜந்தர் மந்தர், ஜெய்சிங் அமைத்த வான்நோக்ககம். உங்கள் மகனுக்கு என் பதில் இதுதான். ஜெய்சிங் வெறும் கோட்டை கட்டிய ராஜா அல்ல, வானியலாளர். தில்லி, ஜெய்ப்பூர், உஜ்ஜயினி, மதுரா, வாரணாசி என ஐந்து ஊர்களில் வான்நோக்ககம் அமைத்தார். மதுராவில் இருந்தது அழிந்துவிட்டது. அவருடைய அவையில் இருந்த ஜகந்நாத பண்டிதர், டாலமியின் வானியல் நூலையும் யூக்ளிடின் வடிவியலையும் அரபியிலிருந்து சமஸ்கிருதத்துக்குக் கொண்டுவந்தார். ஐரோப்பியர்களின் வானியல் அட்டவணையை வாங்கிவர ஜெய்சிங் போர்ச்சுகலுக்கே தூதுக்குழு அனுப்பினார். வந்த அட்டவணையைத் தம் கணக்கோடு ஒப்பிட்டு அதிலும் பிழை கண்டார்.

பயண நிறுவனங்கள் இந்த இடத்துக்கு முக்கால் மணி நேரம் கொடுக்கின்றன, அதுவும் பெரும்பாலும் மாலையில். எனக்கு இது தீராத மனக்குறை. இது சூரியனை வைத்து இயங்கும் இடம். உச்சி வேளையில்தான் போக வேண்டும். சாம்ராட் யந்திரம் 27 மீட்டர் உயரமுள்ள கல் நிழற்கடிகாரம். அதன் சாய்ந்த சுவர் வட துருவத்தை நோக்கி, ஜெய்ப்பூரின் அட்சரேகையான 27 பாகைக் கோணத்தில் நிற்கிறது. இருபுறமும் சலவைக்கல் பதித்த இரண்டு வளைந்த கைகள். காலையில் மேற்குக் கையில் நிழல் இறங்கும், உச்சிக்குப் பிறகு கிழக்குக் கையில் ஏறும். கோடுகள் இரண்டு விநாடி வரை பிரிக்கப்பட்டுள்ளன. நிழல் ஒரு நிமிடத்தில் சுமார் 6 சென்டிமீட்டர் நகரும். ஏதாவது ஒரு கோட்டில் கண்ணை வைத்து நின்றால் நிழல் நகர்வது அப்படியே தெரியும். பூமி சுழல்வதை இவ்வளவு பக்கத்தில் பார்க்க வேறு இடம் எனக்குத் தெரியவில்லை.

மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். அவன் கைக்கடிகாரமும் அந்த நிழலும் ஒரே நேரத்தைக் காட்டா. நம் இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையின் நேரம். ஜெய்ப்பூர் அதற்கு மேற்கே ஏறக்குறைய 6⅔ பாகை தள்ளி இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால் வித்தியாசம் 27 நிமிடம். பூமியின் பாதை நீள்வட்டம் என்பதாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் இந்த வித்தியாசம் ஆண்டு முழுவதும் கூடிக் குறையும். பிப்ரவரி நடுவில் 41 நிமிடம் வரை போகும், நவம்பர் தொடக்கத்தில் 10 நிமிடமாகச் சுருங்கும். நீங்கள் போகும் டிசம்பர் 25ஐ ஒட்டிய நாட்களில் அந்தக் கூடுதல் திருத்தம் ஏறக்குறைய பூஜ்யம். பன்னிரண்டே காலுக்கே அங்கே இருங்கள். கடிகாரம் 12:27ஐத் தொடும்போது நிழல் மேற்குக் கையை விட்டுக் கிழக்குக்கு மாறும். முன்கூட்டியே அவனைக் கணக்குப் போட்டுவைக்கச் சொல்லுங்கள்.

பக்கத்திலேயே சிட்டி பேலஸ். அரச குடும்பத்தின் பொறுப்பில் இருப்பதால் தனி டிக்கெட். ஹவா மஹால், ஜந்தர் மந்தர், ஆமேர், ஆல்பர்ட் ஹால் அருங்காட்சியகம் முதலியவற்றுக்கு இரண்டு நாள் செல்லும் கூட்டு டிக்கெட் உண்டு, அதை வாங்கிக்கொள்ளுங்கள். அரண்மனையில் ஏறக்குறைய ஆளுயரத்துக்கு நிற்கும் இரண்டு வெள்ளிக் கொப்பரைகளை மாமியாருக்குக் காட்டுங்கள். 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காகக் கடல் கடந்த ஜெய்ப்பூர் அரசர் மாதோசிங், தமக்குக் கங்கை நீரை அவற்றில்தான் கொண்டுபோனார். அரண்மனைத் தோட்டத்தை ஒட்டிய கோவிந்த தேவ்ஜி கோயிலை விட்டுவிடாதீர்கள். உயர்ந்த விமானத்தைத் தேட வேண்டாம், தட்டையான கூரையுள்ள பெரிய மண்டபம் அது. பிருந்தாவனத்திலிருந்து வந்த மூர்த்தி. ஒரு நாளில் சில வேளைகளில் மட்டும் திரை விலகும். திரை விலகும் நொடியில் கூட்டம் முழுவதும் ஒரே குரலாக எழும்.

இரண்டாம் நாள் ஆமேர், காலை எட்டு மணிக்கே. யானைச் சவாரியை ரத்து செய்யச் சொல்லுங்கள். பளு சுமந்து கல் பாதையில் ஏறி இறங்கும் அந்த யானைகளின் கால்களையும் கண்களையும் பக்கத்தில் பார்த்தவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன். மாமியாருக்கு ஜீப் உண்டு, கோட்டைக்கு அருகே வரை போகும். கண்ணாடிச் சில்லுகள் பதித்த ஷீஷ் மஹாலில் எல்லோரும் நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள், அதற்குத் தகுதியான இடம்தான். ஆனால் கோட்டை முடிந்ததும் காரில் ஏறிவிடாமல் பின்புறம் இருக்கும் பழைய ஆமேர் ஊருக்குள் போங்கள். ராஜா மான்சிங்கின் இறந்துபோன மகன் ஜகத்சிங்கின் நினைவாக எழுந்த ஜகத் சிரோமணி கோயில் அங்கே இருக்கிறது. எதிரே கருடனுக்கு ஒரு தனி மண்டபம், நுணுக்கமான வேலைப்பாடு. கூட்டம் அனேகமாக இருக்காது. சற்றுத் தள்ளிப் பன்னா மீனா படிக்கிணறு. ஏரி நடுவே நிற்கும் ஜல் மஹாலை வழியில் சாலையிலிருந்து பார்த்தால் போதும். மாலையில் ஆல்பர்ட் ஹால். எகிப்திய மம்மி ஒன்று இருக்கிறது, மகன் அங்கிருந்து நகர மாட்டான்.

புஷ்கர் போக சுமார் 145 கிலோமீட்டர், வர அதே தூரம். பிரம்மன் கோயிலைத் தரிசிக்க வேண்டும் என்று மாமியார் ஆசைப்பட்டால் தயங்காமல் போய்வாருங்கள். பட்டியலில் இருக்கிறது என்பதற்காக மட்டும் போக வேண்டாம். அதற்குப் பதில் நகரின் தென்கோடியில் உள்ள சாங்கானேருக்குப் போகலாம். நீண்ட மேசையில் விரித்த துணிமீது மர அச்சை வைத்து, மணிக்கட்டால் ஒரு குத்துக் குத்தி, அடுத்த அச்சை முந்தைய பூவின் விளிம்போடு இம்மி பிசகாமல் பொருத்துவார்கள். ஒரு புடவையை அப்படி முடிக்க எத்தனை குத்து என்று பார்த்துவிட்டால் அப்புறம் விலை பேச மனம் வராது.

காலையில் நன்றாகக் குளிரும், கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெங்காயக் கச்சோரியைச் சூடாக எண்ணெயிலிருந்து எடுக்கும் கடையாகப் பார்த்து வாங்குங்கள். குளிர்காலம் என்பதால் எள்ளும் வெல்லமும் தட்டிச் செய்யும் கஜக் கிடைக்கும். ஊருக்கு வாங்கிவர அதுவே நல்லது, கேவர் என்னும் இனிப்பை அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள்.

அன்புடன்.