விருந்துக்குப் பிறகு எழுதும் குறிப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். படிப்பு முடிந்ததும் சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சில்தான் சேருவேன் என்று ஒரே பிடிவாதம். நன்றாகத் தமிழ் வருமே, சென்னையில் போட்டுவிடுவார்கள் என்கிறார் மனைவி. தூதரக அதிகாரிமேல் எந்த நாட்டுப் போலிசும் கை வைக்க முடியாது, பயமே வேண்டாம் என்கிறார் மைத்துனர். எனக்கோ, விருந்துக்குப் போவதைத் தவிர இவர்கள் நாள் முழுக்க என்னதான் செய்கிறார்கள் என்பதே புரியவில்லை. கல்யாணம், பிள்ளைகள் என்று வரும்போது எப்படிச் சமாளிப்பாள் என்ற கவலையும் இருக்கிறது.

— ஒரு தந்தை, ஈசூன்

அன்புள்ள நண்பருக்கு,

சென்னைக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். அங்கே நமக்குத் துணைத் தூதரகம் இருப்பது உண்மை. ஆனால் உலகெங்கும் இருக்கும் சுமார் 50 அலுவலகங்களில் அது ஒன்று. சேர்ந்தவுடன் எங்கும் அனுப்பிவிடவும் மாட்டார்கள். தங்ளினில் இருக்கும் அமைச்சின் தலைமையகத்தில் ஒரு நாட்டையோ வட்டாரத்தையோ கவனிக்கும் வேலையைக் கொடுத்து, ஓரிரு ஆண்டாவது பழக்குவார்கள். பிறகு வெளிநாட்டில் மூன்று ஆண்டு போல, மறுபடி தங்ளின், மறுபடி வேறு நாடு. ஜகார்த்தா வரலாம் (அங்கே இந்தோனீசியாவுக்கு ஒரு தூதரகம், ஆசியானுக்குத் தனியாக இன்னொரு குழு), ஜெனீவா வரலாம். தமிழ் கூடுதல் பலம், அவ்வளவுதான்.

விருந்துகளும் உண்டுதான். சம்பளம் என்னவோ அதற்குப் பிறகு எழுதும் குறிப்புக்கு. ஒரு சந்திப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அந்நாட்டு வர்த்தகத் துறை இயக்குநரைப் பார்க்கப் பெரும்பாலும் இருவர் போவார்கள். மூத்தவர் பேசுவார், இளையவர் எழுதுவார். உங்கள் மகள் முதல் சில ஆண்டுகள் எழுதுபவராகத்தான் இருப்பார். குறிப்பு அன்றே தலைமையகத்துக்குப் போயாக வேண்டும். வாஷிங்டனில் மாலை 6 மணி என்றால் இங்கே மறுநாள் காலை 6, அங்கே குளிர்காலமானால் 7. அலுவலகம் திறக்கும்போது மேசைமேல் இருக்கும். ஒரு நாள் தள்ளிப்போட்டால் அதே சேதி நாளிதழில் வந்துவிடும். அப்புறம் அதை யார் படிப்பார்கள்?

முதல் பத்தியிலேயே விஷயம் வந்துவிட வேண்டும்: என்ன மாறியிருக்கிறது, அதனால் நமக்கு என்ன. அடுத்து, சொன்னவர் யார், சொன்னது அவருடைய சொந்த எண்ணமா அரசாங்கத்தின் நிலையா. ‘பரிசீலிக்கிறோம்’ என்றதை ‘ஒப்புக்கொண்டார்கள்’ என்று எழுதிவிட்டால், இங்கிருந்து ஒரு பேச்சுவார்த்தைக் குழுவே தப்புக்கணக்கோடு விமானம் ஏறும். எழுதுபவரின் ஊகம் கடைசியில், ‘கருத்து’ என்ற தலைப்பின்கீழ் தனியாக நிற்க வேண்டும். கேட்டும் பதில் வராமல் நழுவிய கேள்வியையும் பதிய வேண்டும். பல சமயம் சேதியே அதில்தான் இருக்கும். கெட்டிக்காரர்கள்கூட இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். தலைமையகம் எதைக் கேட்க விரும்புமோ அதையே எழுதுவது ஒன்று. இருக்கும் நாட்டின்மேல் பாசம் வைத்து அதற்கு வக்கீலாகவே மாறிவிடுவது இன்னொன்று. ஓர் இடத்திலேயே நெடுநாள் விட்டுவைக்காததற்கு இந்தப் பாசமும் ஒரு காரணம்.

கடிதப் போக்குவரத்துக்கும் தனி முறை உண்டு. ‘நோட் வெர்பால்’ என்ற அதிகாரபூர்வக் குறிப்பு, ‘சிங்கப்பூர்த் தூதரகம் தன் வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறது’ என்று படர்க்கையில் தொடங்கும். கையெழுத்து கிடையாது, முத்திரையும் சுருக்கொப்பமும்தான். அந்நாட்டு வெளியுறவு அமைச்சு வழியாகத்தான் அது போக வேண்டும். அவசரம் என்று நேரே சுங்கத் துறைக்கு அனுப்பினால் கிடப்பில் கிடக்கும். ‘நான்-பேப்பர்’ என்ற அதிகாரபூர்வமற்ற யோசனைத் தாள் இதற்கு நேர்மாறு. தலைப்பும் இல்லை, கையெழுத்தும் இல்லை. யோசனை எடுபடாவிட்டால் யாரும் சொந்தம் கொண்டாட வேண்டியதில்லை.

வெளிப்படையாகப் பேச வேண்டிய நேரமும் வரும். 1994ல், இங்கே கார்களைச் சேதப்படுத்திய அமெரிக்க இளைஞர் மைக்கேல் ஃபேயின் பிரம்படி விவகாரத்தில் அமெரிக்க அதிபரே தலையிட்டுக் கேட்டார். ஆறு அடி நான்கானது, தண்டனை நிறைவேறியது. அப்போது வாஷிங்டனில் நம் தூதர், பின்னாளில் நம் அதிபரான எஸ். ஆர். நாதன். கொதித்துப்போயிருந்த ஊரில் நம் முடிவை விளக்குகிற வேலை அவர் தலையில். அவர் அரசாங்க வேலையைத் தொடங்கியது மருத்துவமனைச் சமூக சேவகராக. அரசியல் அறிவியல் படித்தால்தான் எடுப்பார்கள் என்று மகள் எண்ணியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

பலர் கணக்கில் எடுக்காதது குடிமக்கள் உதவி. வெள்ளிக்கிழமை மாலை நம் சுற்றுப்பயணி ஒருவர் வெளிநாட்டு ஹோட்டலில் இறந்துவிடுகிறார் என்று வையுங்கள். குடும்பம் நாளைக்கே உடலைக் கேட்கும். போலிஸ் அறிக்கை, தேவைப்பட்டால் பிரேதப் பரிசோதனை, இறப்புச் சான்றிதழ், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, உடலைப் பதப்படுத்திய சான்றிதழ், இங்கே தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அனுமதி என்று ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும். அந்த ஊர்ப் பதிவகம் திங்களன்றுதான் திறக்கும். சான்றிதழில் பெயர் கடப்பிதழில் உள்ளபடி இல்லாவிட்டால் இன்னும் இழுக்கும். ‘த/பெ’ போட்டு எழுதும் நம் பெயர்களில் தகப்பனார் பெயரைக் குடும்பப்பெயராகப் பதிந்துவிடுவது சகஜம். அதிகாரி வழிகாட்டுவார், கதவைத் தட்டுவார். செலவு குடும்பத்துடையது. கைதானவர் விஷயமும் அப்படித்தான். போய்ப் பார்க்கலாம், வழக்கறிஞர் பட்டியல் தரலாம், வெளியே கொண்டுவர முடியாது.

மைத்துனர் சொன்னது பாதி சரி. தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா உடன்பாட்டின்படி தூதரக அதிகாரியைக் கைது செய்ய முடியாது. ஆனால் அந்தச் சட்ட விலக்கு அவருக்கல்ல, அவரை அனுப்பிய நாட்டுக்குச் சொந்தம். அனுப்பிய நாடே அதை விலக்கிக்கொள்ளலாம். அவர் வேலை பார்க்கும் நாடு, காரணம் சொல்லாமலே ‘வேண்டாதவர்’ என்று திருப்பி அனுப்பிவிடவும் முடியும். 2009 டிசம்பரில் இங்கே ருமேனியத் தூதரகப் பொறுப்பாளரின் கார் மோதி ஒருவர் இறந்தார். பொறுப்பாளர் ஊருக்குப் போய்விட்டார். ஆனாலும் அங்கேயே வழக்கு நடந்து சிறை சென்றார்.

கல்யாணத்துக்குப் பிறகு வரும் சிக்கல், மாப்பிள்ளையின் வேலை. தூதரகக் குடும்பத்தினர் நினைத்த இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட முடியாது; அந்நாட்டின் சம்மதம் வேண்டும். இடம் மாறும்போதெல்லாம் அவரும் புதிதாகத் தொடங்க வேண்டும். இதைக் கல்யாணப் பேச்சின்போதே பேசிவிடுவது நல்லது. பிறக்கும் பிள்ளை பையன் என்றால், தேசிய சேவை காரணமாக, 13 வயதிலிருந்து நீண்ட காலம் வெளிநாட்டில் இருக்க வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். பிள்ளைகளின் தமிழ் தனிப் பிரச்சினை. பல ஊர்களில் தமிழ் வகுப்பே கிடையாது. தொடக்கநிலை நான்கில் திரும்பி வந்தால் பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்கு இரண்டே ஆண்டுதான் மிச்சம். தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்குக் கேட்கலாம், அதைவிட, இங்கிருந்து போகும்போதே பாடப்புத்தகங்களை எடுத்துக்கொண்டு போய், வாரம் இரண்டு முறையாவது தாத்தா பாட்டியோடு இணையத்தில் வாசிக்க வைக்கலாம். அந்தப் பொறுப்பு உங்களுக்கு வரும்.