டெபியனில் ஐ3 தொடங்கும்போது ஒரே நிரல் இரண்டு முறை ஓடுகிறது. எந்தத் தொடக்கக் கோப்பை நீக்கலாம்?

டெபியன் லினக்ஸ், லைட்டிஎம் (நுழைவுத் திரையைக் காட்டும் நிரல்), ஐ3 (சாளர மேலாளர்). ஹோமில் .ப்ரொஃபைல், .எக்ஸ்இனிட்ஆர்சி, .எக்ஸ்செஷன், .எக்ஸ்செஷன்ஆர்சி நான்கும் இருக்கின்றன, நான்கிலும் ஏறக்குறைய ஒரே வரிகள், ரெட்ஷிஃப்ட் (இரவில் திரையைச் செந்நிறமாக்கும் நிரல்) இரட்டையாக ஓடித் திரையின் நிறம் துடிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எதையும் அழிப்பதற்கு முன்னால், எந்தக் கோப்பு உண்மையில் படிக்கப்படுகிறது என்று பாருங்கள். ஒவ்வொன்றின் தலையிலும், தன் பெயரை டெம்ப் கோப்பு ஒன்றில் சேர்க்கும் எக்கோ வரியைப் போட்டுவிட்டு லாக் அவுட் செய்து திரும்ப நுழையுங்கள்.

.எக்ஸ்இனிட்ஆர்சி அதில் வராது. அது, உரைத் திரையிலிருந்து வரைகலைத் திரையைத் தொடங்கும் ஸ்டார்ட்எக்ஸ் கட்டளைக்கு மட்டும் உரியது. நுழைவுத் திரையில் ஐ3 என்று தேர்ந்தெடுத்திருந்தால் .எக்ஸ்செஷனும் வராது. டெபியன் லைட்டிஎம்மில் .ப்ரொஃபைலும் பெரும்பாலும் வராது (உபுண்டுவில் வரும்). .எக்ஸ்செஷன்ஆர்சி மட்டும் கட்டாயம் வரும். செஷனைத் தொடங்குவது டெபியனின் எக்ஸ்செஷன் ஸ்கிரிப்ட்; அது ஓட்டும் எக்ஸ்செஷன்.டி கோப்புறையில் 40 என்று தொடங்கும் துணுக்கு .எக்ஸ்செஷன்ஆர்சியைப் படிக்கிறது. இந்தக் குழப்பத்தின் வேரே இதுதான்: ஒரு கோப்பில் எழுதியது பலிக்கவில்லை என்று அதே வரியை அடுத்ததில் ஒட்டுகிறோம், பழையதை எடுப்பதில்லை.

சரி, இப்படிச் செய்யுங்கள். பாத் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) போன்ற சூழல் மாறிகள் .ப்ரொஃபைலில் மட்டும் இருக்கட்டும். .எக்ஸ்செஷன்ஆர்சியில் ஒரே வரி போதும்: புள்ளி, ஓர் இடைவெளி, .ப்ரொஃபைலின் பாதை. .எக்ஸ்இனிட்ஆர்சியை நீக்கிவிடுங்கள். அது இல்லாவிட்டால் டெபியனின் ஸ்டார்ட்எக்ஸும் இதே எக்ஸ்செஷன் ஸ்கிரிப்ட் வழியாகத்தான் போகும். அதற்காக .எக்ஸ்செஷனில் 'எக்ஸெக் ஐ3' என்ற ஒற்றை வரியை வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எக்ஸ்செஷன் ஸ்கிரிப்டை ஓட்டுவது பாஷ் அல்ல, டேஷ் என்ற எளிய ஷெல். அதோடு 'செட் -இ' போட்டிருப்பதால், .ப்ரொஃபைலில் ஒரு கட்டளை தோற்றாலே செஷன் நின்று நுழைவுத் திரைக்கே திரும்பலாம். பாஷுக்கே உரிய இரட்டைச் சதுர அடைப்பு போன்றவற்றை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். மாட்டிக்கொண்டால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தி உரைத் திரையில் நுழைந்து, .எக்ஸ்செஷன்-எரர்ஸ் கோப்பைப் படியுங்கள். காரணம் பெரும்பாலும் அதன் கடைசி வரிகளில் இருக்கும்.

அப்புறம் நிரல்கள். அவை மேலே சொன்ன எந்தக் கோப்பிலும் இருக்கக் கூடாது. ஐ3-இன் இயல்பான கான்ஃபிக்கில் இப்போது டெக்ஸ் என்ற வரி ஒன்று வருகிறது. அது ஹோமிலும் இடிசியிலும் (கணினி முழுவதற்குமான அமைப்புகள் உள்ள கோப்புறை) உள்ள ஆட்டோஸ்டார்ட் கோப்புறைகளைத் திறந்து அங்குள்ளவற்றை ஓட்டுகிறது. ரெட்ஷிஃப்ட் ஐகானின் மெனுவில் 'ஆட்டோஸ்டார்ட்' டிக் செய்திருந்தால் ஹோமில் ஒரு டெஸ்க்டாப் கோப்பு உருவாகியிருக்கும். ஐ3 கான்ஃபிக்கிலும் தனியாக எக்ஸெக் வரி இருந்தால் ரெட்ஷிஃப்ட் இரண்டாகும். உங்களுக்கு நடந்திருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். நான் ஐ3 கான்ஃபிக்கையே விரும்புவேன், எது ஓடுகிறது என்பது ஒரே இடத்தில் கண்ணில் படும். இடிசியில் வேண்டாத நிரல் இருந்தால் அங்கே கை வைக்காமல், அதே பெயரில் ஹோமின் ஆட்டோஸ்டார்ட்டில் ஒரு கோப்பு வைத்து 'ஹிடன்=ட்ரூ' என்று எழுதுங்கள்.

டிபஸ்-லாஞ்ச் (நிரல்கள் தமக்குள் செய்தி அனுப்பும் பஸ்ஸைத் தொடங்கும் கட்டளை) வரி எங்காவது இருந்தால் தயங்காமல் நீக்குங்கள். கணினியின் சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி ஏற்கெனவே ஒரு பஸ்ஸைக் கொடுத்துவிடுகிறது. இரண்டாவதாக ஒன்று எழுந்தால் அறிவிப்புகள் ஒரு பஸ்ஸிலும் அவற்றைக் காட்டும் நிரல் இன்னொன்றிலும் உட்கார்ந்திருக்கும். எஸ்எஸ்ஹெச் சாவிகளை நினைவில் வைக்கும் எஸ்எஸ்ஹெச்-ஏஜென்ட்டையும் டெபியனே தொடங்கும். அதை .பாஷ்ஆர்சியில் வைத்தால் டெர்மினலுக்கு ஒரு ஏஜென்ட் முளைத்து, ஒவ்வொன்றிலும் கடவுச்சொல் கேட்கும்.

தமிழ்99-க்காக ஐபஸ் அல்லது எஃப்சிடிஎக்ஸ் (தட்டச்சு உள்ளீட்டு நிரல்கள்) மாறிகளைக் கையால் எழுதியிருந்தால் அவையும் தேவையில்லை. ஐஎம்-கான்ஃபிக் கட்டளையில் ஒருமுறை தேர்ந்தெடுத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

பின்னால் ஸ்வேக்கு (ஐ3 போன்றதே, ஆனால் எக்ஸ் இல்லாமல் ஓடும் மேலாளர்) மாறும் எண்ணம் இருந்தால், அங்கே .எக்ஸ்செஷன்ஆர்சி படிக்கப்படாது. உரைத் திரையில் நுழைந்து ஸ்வே என்று தட்டும்போது .ப்ரொஃபைல் படிக்கப்படும், .பாஷ்_ப்ரொஃபைல் என்று இன்னொரு கோப்பு அதை மறைக்காமல் இருந்தால்.