மின் திட்ட வரைவுக்குக் கருத்து அனுப்பினால் யாராவது படிப்பார்களா?

கேள்வி: 2030-க்குள் நிலக்கரி, எரிவாயு சாராத மின் உற்பத்தித் திறன் 500 ஜிகாவாட் என்கிறார்கள். திருப்பூரில் சின்னப் பின்னலாடை யூனிட் நடத்தும் என்னைப் போன்றவர்கள் இந்தத் திட்டமிடலில் வாய் திறக்க வழி உண்டா?

பதில்: உண்டு. மத்திய மின்சார ஆணையம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேசிய மின்சாரத் திட்டம் தயாரிக்கிறது. முதலில் வரைவை வெளியிட்டுப் பொதுமக்களிடமும் ஆட்சேபணை கேட்க வேண்டும் என்கிறது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு. கடந்த முறை வரைவு 2022 செப்டம்பரில் வந்தது, இறுதித் திட்டம் 2023 மே மாதத்தில்.

"நிலக்கரி வேண்டாம், சோலார் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் பெரிய பலன் இருக்காது. அந்தத் திட்டமே மின் தேவைக் கணிப்பின் மேல்தான் நிற்கிறது. எத்தனை நிலையம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. உங்கள் பகுதி யூனிட்கள் கூரையில் சோலார் போட்டதால் மின் வாரியத்திடம் வாங்கும் மின்சாரம் எவ்வளவு குறைந்தது என்று மின் ரசீதுகளோடு காட்டுங்கள். அந்த விவரம் டெல்லியில் உட்கார்ந்திருப்பவரிடம் இருக்காது.

ஆனால் உங்கள் நேரம் கொஞ்சம்தான் என்றால், அதை மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கே கொடுங்கள் என்பேன். மத்தியத் திட்டத்தில் ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் தர வேண்டும் என்ற கட்டாயம் 3-ஆவது பிரிவில் இல்லை. மின் கட்டணத்தை நிர்ணயிக்கக் கேட்டு வாரியம் மாநில ஆணையத்தில் போடும் கட்டண மனுவில் கதை வேறு: அதே சட்டத்தின் 64-ஆவது பிரிவின்படி, மக்களின் ஆட்சேபணைகளைப் பரிசீலித்த பிறகுதான் ஆணையம் உத்தரவு போட முடியும். 2022 ஆகஸ்டில் அப்படியொரு மனு மீது கோவை, மதுரை, சென்னையில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. வந்த ஆட்சேபணை, வாரியத்தின் பதில், ஆணையத்தின் முடிவு மூன்றும் உத்தரவிலேயே பதிவாகின்றன. திருப்தி இல்லையென்றால் 45 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கூரை சோலாருக்கான நெட்வொர்க் கட்டணம் (வாரியத்தின் மின்கம்பிகளைப் பயன்படுத்துவதற்கான கட்டணம்) போல உங்களைக் கடிக்கிற விஷயங்கள் முடிவாவதும் இந்த ஆணையத்தில்தான்.

ஓர் ஓட்டையையும் சொல்ல வேண்டும். பெரிய அனல்மின் நிலையத்துக்குச் சுற்றுச்சூழல் கருத்துக்கேட்பு உண்டு. சூரிய மின் பூங்காவுக்குச் சுற்றுச்சூழல் அனுமதியே தேவையில்லை, அதனால் கருத்துக்கேட்பும் இல்லை. நிலம் போகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். அங்கே கிராம சபைத் தீர்மானம்தான் கைக்கு எட்டும் வழி, அதற்கும் பலம் குறைவு.

சரி, உங்கள் ஆட்சேபணை மனு எப்படி இருக்க வேண்டும்? இரண்டு பக்கம் போதும். எந்தப் பத்தி, எந்த எண் தவறு, அதற்குப் பதில் என்ன வேண்டும் என்று எழுதுங்கள். நேரில் பேச விரும்புவதையும் அதிலேயே குறிப்பிடுங்கள். அறிவிப்பில் உள்ள கடைசித் தேதிக்குள் ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிடுங்கள்.