‘கொலஸ்ட்ரால் அற்றது’: எண்ணெய்ப் புட்டியில் எதைப் படிக்க வேண்டும்?

கேள்வி: ரத்தப் பரிசோதனையில் எனக்கு எல்டிஎல் (‘கெட்ட கொலஸ்ட்ரால்’) 148 என வந்ததிலிருந்து, ‘கொலஸ்ட்ரால் அற்றது’ என்று அச்சிட்ட எண்ணெயையே கூடுதல் விலை கொடுத்து வாங்கி வருகிறேன். ‘கொலஸ்ட்ரால் சமநிலைக்கு’ என்று விற்கப்படும் மாத்திரையையும் வாங்கலாமா?

பதில்: எண்ணெய்க்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண். கொலஸ்ட்ரால் என்பது இறைச்சி, முட்டை, பால் போன்ற விலங்குவழி உணவுகளில் இருப்பது. தாவர எண்ணெய் எதிலும் அது பொருட்படுத்தும் அளவில் இல்லை. ஆகவே அந்த வாசகம் பொய்யன்று, ஆனால் அதே அலமாரியில் இருக்கும் மலிவான எண்ணெய்க்கும் அது அப்படியே பொருந்தும்.

ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியை உடலே தயாரித்துக்கொள்கிறது. உணவில் நிறைவுற்ற கொழுப்பு மிகும்போது, எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து உள்ளிழுத்துக்கொள்ளும் கல்லீரலின் திறன் குறைவதால், அதன் அளவு ஏறுகிறது. எனவே புட்டியைத் திருப்பி, ஊட்டச்சத்துப் பட்டியலில் ‘நிறைவுற்ற கொழுப்பு’ என்ற வரியைப் பாருங்கள். 100 கிராமுக்குத் தேங்காய் எண்ணெயில் அது 80 கிராமைத் தாண்டும். பாமாயிலில் ஏறத்தாழ 50, ஆலிவ் எண்ணெயில் சுமார் 14, சூரியகாந்தி எண்ணெயில் சுமார் 10. நான்குமே ‘கொலஸ்ட்ரால் அற்றவை’ என்பதுதான் வேடிக்கை. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு நிறைவுற்ற கொழுப்பு எல்லா உணவிலிருந்தும் சேர்த்து ஏறத்தாழ 22 கிராமுக்குள், அதாவது மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள், இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. பிஸ்கட், வனஸ்பதி போன்றவற்றின் உட்பொருள் பட்டியலில் ‘பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்யப்பட்டது’ என்றிருந்தால் வாங்காதீர்கள்; அதிலுள்ள டிரான்ஸ் கொழுப்பு எல்டிஎல்லை ஏற்றுவதோடு, ‘நல்ல கொலஸ்ட்ரால்’ எனப்படும் எச்டிஎல்லையும் குறைக்கும்.

மாத்திரைக்கு வருவோம். அதில் தாவர ஸ்டெரால் (தாவரங்களில் உள்ள, கொலஸ்ட்ராலை ஒத்த பொருள்) இருந்தால், நாளொன்றுக்கு 2 கிராம் அளவில் எல்டிஎல் சுமார் 10 சதவீதம் குறையக்கூடும். ஆனால் ஒரு மாத்திரையில் 400 மில்லிகிராம்தான் உள்ளதென்றால் தினமும் ஐந்து விழுங்க வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கிட்டே விலையை மதிப்பிடுங்கள். ‘ரெட் ஈஸ்ட் ரைஸ்’ (ஒருவகைப் பூஞ்சையால் புளிக்கவைத்த அரிசி) என்று இருந்தால் நிலைமை வேறு. அதிலுள்ள மொனகோலின் கே, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் வகையைச் சேர்ந்த லோவாஸ்டாடின் என்ற மருந்தேதான். அளவோ தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுபடும். ஏற்கெனவே ஸ்டாடின் எடுத்துக்கொள்பவர் இதையும் சேர்த்தால் தசைப் பாதிப்புக்கான வாய்ப்பு கூடும். மருத்துவரிடம் கேட்காமல் அதை வாங்க வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், வயது ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்தே 148 என்ற எண்ணுக்கு மருந்து தேவையா என்பதையும் அவர் முடிவு செய்வார்.