மெழுகும் சாயமும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

என் மகள் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நான் சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வண்ணம், தாள், கான்வாஸ் செலவு கைமீறிப் போகிறது. இப்படிப் படிக்கும் பிள்ளைகளுக்கு என்னென்ன உதவிகள் உண்டு? இன்னொரு கவலையும் இருக்கிறது. தோழி வீட்டு மொட்டைமாடியில் நான்கு பெண்களாகச் சேர்ந்து, மெழுகு வைத்துச் சாயமேற்றும் பாட்டிக் துணி செய்து விற்கிறார்களாம். காசு ஆசை வந்தால் கலை கெட்டுவிடும் என்று நிறுத்தச் சொல்லிவிட்டேன். படித்து முடித்தால் வேலை கிடைக்குமா என்பதையும் எழுதுங்கள்.

ச., விழுப்புரம்

அன்புள்ள ச.,

உதவிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மகள் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். மத்திய கலாச்சார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையிலான இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் தருகிறது. ஓவியமும் அதில் உண்டு. முன்பயிற்சி கேட்பார்கள், விதிகளை முழுதாகப் படித்துவிட்டு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். சென்னை கிரீம்ஸ் சாலையில், மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாடமியின் பட்டறைகள் இருக்கின்றன. கல்லூரியிலிருந்து நடந்தே போகலாம், எழும்பூர் அருங்காட்சியகம். அங்கே திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் வெண்கலச் சிலை முன்னால் நோட்டுப் புத்தகத்தோடு அவள் எத்தனை நாள் உட்கார்ந்தாள் என்று கேளுங்கள். வாரத்தில் வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

வேலை பற்றி இப்போது பேச வேண்டாம். இரண்டாம் ஆண்டுப் பிள்ளை அவள்.

உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது பாட்டிக்தான். நிறுத்தச் சொல்லிவிட்டீர்களா? யாரைக் கேட்டு? அவள் படிக்கும் கல்லூரியின் கதை உங்களுக்குத் தெரியுமா?

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. ஓவியத்தோடு கைத்தொழிலும் அங்கே கற்பிக்கப்பட்டது. நூறு ஆண்டு கழித்து ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் அங்கே முதல்வராக இருந்தார். படித்து வெளியேறிய பிள்ளைகள் ஓவியத்தை மட்டும் நம்பிப் பிழைக்க வழியில்லாமல் நின்றதை அவர் பார்த்தார். வாங்க ஆளில்லை. அதனால் அவரும் அந்தப் பிள்ளைகளும் சேர்ந்து கைவினைப் பொருள்கள் செய்து விற்றார்கள். அவற்றில் முக்கியமானது எது தெரியுமா? பாட்டிக். உங்கள் மகள் மொட்டைமாடியில் செய்கிறாளே, அதே மெழுகு, அதே சாயம். அப்படி விற்ற பணத்தில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். துணிக்குச் சாயமேற்றியவர்கள்தான் தங்கள் ஓவியங்களையும் வரைந்தார்கள். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்கள் வந்ததும் அந்த ஆண்டுகளில்தான். எந்தக் கலை கெட்டது?

பாட்டிக்கை நீங்கள் ஒருமுறை நின்று பார்த்ததுண்டா? மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. துணியை முதலில் வெளிர் நிறத்தில் முக்கி, அந்த நிறம் நிற்க வேண்டிய இடத்தை மெழுகால் மூடி, அடுத்த நிறத்துக்குப் போக வேண்டும். கடைசி நிறம் எப்படி அமையும் என்பதை முதல் மெழுகு வைக்கும்போதே மனதில் பார்த்தாக வேண்டும். தவறினால் அழிக்க முடியாது. ஓவியம் படிக்கும் பெண்ணுக்கு இதைவிட நல்ல பாடத்தை எந்த ஆசிரியர் வைப்பார்?

என் கல்லூரி நாட்களில் அறைத்தோழன் ஒருவன் ஓவியம் படித்தான். இரவில் கடைப் பலகைகள் எழுதுவான். அவன் எழுதும் ‘ழ’வின் வால் ஒரே இழுப்பில் வந்து நிற்கும், தூரிகையை இரண்டாம் முறை வைக்க மாட்டான். அந்தக் கூலியில்தான் எண்ணெய் வண்ணக் குழாய்கள் வாங்கினான். மூன்றாம் ஆண்டில் அவனுடைய அப்பா வந்தார். பலகை எழுதுவதைக் கண்டு, ‘இதற்கா உன்னைப் படிக்க வைத்தேன்’ என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். மறுநாளே அவன் பலகைகளை விட்டான். வண்ணம் வாங்கக் காசில்லை. அவரும் அனுப்பவில்லை. அடுத்த பருவத்தில் ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. அவன் கட்டிலுக்கு அடியில் இருந்த தூரிகைகளை நான்தான் மண்ணெண்ணெயில் கழுவி வைத்தேன். முடி முடியாகக் கொட்டிப்போகும்வரை வைத்திருந்தேன்.

அவர் கெட்டவர் இல்லை, ச. உங்களைப் போலவே மகன்மேல் உயிரை வைத்திருந்தவர். அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன்.

மகளுக்கு இன்றே போன் செய்து, நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டுச் சென்னைக்கு பஸ் ஏறுங்கள். அவளைக் கூட்டிக்கொண்டு சோழமண்டலத்துக்குப் போய்வாருங்கள். திரும்பும் வழியில் அந்த மொட்டைமாடிக்கும் போங்கள். துணி பிடித்திருந்தால் ஒன்று வாங்குங்கள், விலை பேசாமல்.

அன்புடன்.