மணியை மாற்றுவது இன்னும் தேவையா?

லீவில் குன்னூர் வந்திருக்கும் என்னிடம், கோத்தகிரியிலிருந்து இங்கிலாந்தில் இருக்கும் லீட்ஸுக்கு நர்ஸ் வேலைக்குக் கிளம்பும் தங்கச்சி கேட்டது: "வருஷத்துக்கு ரெண்டு தடவை கடிகாரத்தை மாத்துறாங்களாமே, இந்தக் காலத்துல அதனால என்ன பிரயோஜனம் அண்ணா?"

கரண்ட் மிச்சம் என்ற பழைய காரணம் இப்போது எடுபடாதும்மா. 1916இல், முதல் உலகப் போர் நடுவே, நிலக்கரியை மிச்சம் பிடிக்க ஜெர்மனி தொடங்கியது. சில வாரங்களில் பிரிட்டனும் சேர்ந்துகொண்டது. இன்றைக்கு எல்இடி பல்பு எவ்வளவு தின்றுவிடப் போகிறது?

ஆனாலும் மாற்றுவதே நல்லது என்பது என் கட்சி. நம் ஊரில் ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம்கூட வராது. இங்கே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது மூடுபனிதான். லீட்ஸில் ஜூனில் பகல் 17 மணி நேரம், டிசம்பரில் ஏழரை. "ஒரே நேரமாக வைத்துத் தொலையுங்களேன்" என்று அங்கே எல்லோரும் புலம்புவார்கள். எந்த நேரத்தை என்று கேட்டால்தான் சண்டை. மணியைக் கூட்டாத குளிர்கால நேரமே நிலைத்தால் ஜூனில் மூன்றரை மணிக்கே சூரியன் முகத்தில் அடிக்கும். ஒரு மணி கூட்டிய கோடை நேரமே நிலைத்தால் டிசம்பரில் சூரியன் வர ஒன்பதே கால் தாண்டிவிடும். இந்த இரண்டாவதை 1968 முதல் 1971 வரை பிரிட்டன் செய்தே பார்த்தது. பிள்ளைகள் கும்மிருட்டில் பள்ளிக்கூடம் போனார்கள். வடக்கே இருக்கும் ஸ்காட்லாந்துக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அரசாங்கம் அதைக் கைவிட்டது. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019இல் மாற்றத்தையே நிறுத்த ஓட்டுப் போட்டது. அதுவும் அப்படியே கிடப்பில் கிடக்கிறது.

சரி, உன் விஷயத்துக்கு வருவோம். மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலை ஒரு மணி இரண்டாகும். அக்டோபர் கடைசி ஞாயிறு இரண்டு மணி ஒன்றாகும். போன் தானாக மாறிக்கொள்ளும், சமையலறை அடுப்பில் இருக்கும் கடிகாரம் மாறாது. எங்கள் வீட்டு அடுப்பு பாதி வருஷம் தப்பு மணிதான் காட்டும், யாரும் கண்டுகொள்வதில்லை. அக்டோபரில் அந்த ராத்திரி உனக்கு நைட் டியூட்டி விழுந்தால் ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்க வேண்டும். அதற்குச் சம்பளம் உண்டா என்று முன்னாடியே கேட்டுவிடு, கூச்சப்படாதே.

அப்புறம் அம்மாவுக்குப் போன் பண்ணுவது. கோடையில் அங்கே மாலை நாலு மணி என்றால் கோத்தகிரியில் எட்டரை, சாப்பாட்டு நேரம். மணி மாறியபின் அதே நாலு மணிக்குக் கூப்பிட்டால் இங்கே ஒன்பதரை. அம்மா கம்பளிக்குள் போயிருப்பார். மார்ச் வரைக்கும் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிடு.